கால் ரத்தக்குழாய் அடைப்பு: எந்த ஸ்கேன், எப்போது?

நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறது. ஒரு ஓரமாக நின்றால் விட்டுவிடுகிறது. மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடியும் பிடிக்கிறது. இதைச் சொன்னதும் ஒரு டாக்டர் டாப்ளர் எழுதுகிறார், இன்னொருவர் சி.டி. ஆஞ்சியோ எழுதுகிறார், மூன்றாமவர் "நேராக ஆஞ்சியோகிராம் பண்ணிடலாம், அடைப்பு இருந்தா அப்பவே ஸ்டென்ட் வெச்சிடலாம்" என்கிறார். வீட்டில் ஆளுக்கொரு பேச்சு. கடைசியில் விலை கூடிய ஸ்கேன்தான் நல்ல ஸ்கேன் என்று முடிவாகிறது. அப்படி முடிவெடுத்துக் கிட்னியைப் புண்ணாக்கிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். மலிவான பரிசோதனையில் 'நார்மல்' என்று வந்ததை நம்பிக் கால்விரலை இழந்தவர்களும் இருக்கிறார்கள்.

ஒவ்வொரு பரிசோதனையும் ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். காலுக்கு ரத்தம் குறைகிறதா என்பது முதல் கேள்வி. அடைப்பு எந்த இடத்தில், எவ்வளவு நீளம் என்பது இரண்டாவது. அதைத் திறக்க வேண்டுமா என்பது மூன்றாவது. இதற்கு எந்த மெஷினிடமும் பதில் கிடையாது, உங்கள் காலைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கையில் ஸ்கேன் சீட்டு இருந்தால் எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

அதற்கு முன் ஓர் அவசரம். கால் திடீரென்று வெளுத்து, ஜில்லிட்டு, வலியில் துடித்து, மரத்துப்போய், விரலை அசைக்க முடியாமல் போனால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். ரத்தக்கட்டி போய் அடைத்திருக்கலாம். காலைக் காப்பாற்றக் கிடைக்கும் நேரம் மணிக்கணக்கில்தான். ஸ்கேன் சென்டரில் டோக்கன் வாங்கி உட்காரும் நேரமல்ல அது. ரத்தக்குழாய் அறுவை செய்யும் டாக்டர் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரியின் எமர்ஜென்சிக்கு நேராகப் போங்கள், எந்தப் படம் தேவை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள்.

செய்ய வேண்டியவை

செருப்பைக் கழற்றிக் காலைக் காட்டுங்கள். தொடை இடுக்கு, முட்டியின் பின்பக்கம், கணுக்காலின் உள் எலும்புக்குப் பின்னால், பாதத்தின் மேல்புறம் என்று நான்கு இடங்களில் நாடி பார்க்க வேண்டும். எந்த இடத்தில் நாடி மறைகிறதோ அதற்கு மேலேதான் அடைப்பு. காலைத் தொடாமலே ஸ்கேன் எழுதினால், "நாடி பார்த்துட்டு எழுதுங்க டாக்டர்" என்று மரியாதையாகவே கேளுங்கள். அதில் தப்பு ஒன்றுமில்லை.

வலி எப்படி விடுகிறது என்பதைக் கவனித்துச் சொல்லுங்கள். சும்மா நின்றாலே விட்டுவிடுகிறதென்றால் ரத்தக்குழாய் மேல் சந்தேகம். உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறதென்றால் முதுகுத்தண்டில் நரம்பு நெருக்கம் இருக்கலாம். இந்த ஒரு வித்தியாசத்தைச் சொல்லாததால் முதுகுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து மாதக்கணக்கில் பிசியோதெரபி போனவர்கள் பலர். வயதானவர்களுக்கு இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

முதல் பரிசோதனையாக ஏ.பி.ஐ. கேளுங்கள். ஊசி இல்லை, மருந்து இல்லை, கதிர்வீச்சு இல்லை, செலவும் குறைவு. பத்து நிமிடம் மல்லாந்து படுத்திருந்த பிறகு இரண்டு கையிலும் இரண்டு கணுக்காலிலும் பிரஷர் பார்ப்பார்கள். ஸ்டெதாஸ்கோப்புக்குப் பதில் பேனா மாதிரி ஒரு டாப்ளர் கருவியை ஜெல் தடவிப் பாதத்தில் வைப்பார்கள். உஷ், உஷ் என்று ரத்த ஓட்டம் காதில் கேட்கும். பட்டையில் காற்று ஏற ஏறச் சத்தம் நின்றுவிடும், இறக்கும்போது எந்த எண்ணில் திரும்பக் கேட்கிறதோ அதுதான் கணுக்கால் பிரஷர். அதைக் கையின் பிரஷரால் வகுக்க வேண்டும். கையில் 150, கணுக்காலில் 90 என்றால் 0.60. ஒன்றிலிருந்து 1.40 வரை சரி. 0.90 அல்லது அதற்குக் கீழே போனால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் நோய் இருக்கிறது என்று அர்த்தம். இடையில் வந்தால் எல்லைக்கோடு. ரிப்போர்ட்டில் 'லேசான குறைவு' என்று மட்டும் எழுதியிருந்தால் எண்ணைக் கேட்டு வாங்குங்கள், ஆறு மாதம் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க அந்த எண்தான் உதவும்.

ஏ.பி.ஐ. சரியாக இருந்தும் நடந்தால் வலிக்கிறதென்றால், நடக்கவைத்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள். படுத்திருக்கும் காலுக்குக் கொஞ்சம் ரத்தமே போதும். டிரெட்மில்லில் நடந்து முடித்ததும் பார்த்தால்தான் சில அடைப்புகள் வெளியே வரும். டிரெட்மில் இல்லாத இடத்தில் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்கவைத்தும் பார்க்கலாம்.

சர்க்கரை நோயோ கிட்னிக் கோளாறோ இருந்தால் கால்விரல் பிரஷரும் கேளுங்கள். இந்தக் கட்டுரையிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருடச் சர்க்கரை, கணுக்கால் பக்கத்து ரத்தக்குழாயின் சுவரில் சுண்ணாம்பைப் படியவைத்துவிடும். அந்தக் குழாயைப் பட்டையால் இறுக்கினாலும் அமுங்காது. உள்ளே ரத்தம் ஓடுகிறதோ இல்லையோ, பிரஷர் மட்டும் 200, 220 என்று ஏறும். ஏ.பி.ஐ. 1.40-ஐத் தாண்டினால் அந்த எண்ணை நம்ப முடியாது. அதைவிட ஆபத்து, பாதி இறுகிய குழாய் 1.05 என்று பார்க்க அழகான ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவது. விரலில் உள்ள சிறு குழாய்களில் பெரும்பாலும் சுண்ணாம்பு படிவதில்லை என்பதால் கட்டைவிரலில் சின்னப் பட்டை கட்டி எடுக்கும் பிரஷரை நம்பலாம். விரல் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் 0.70-க்கு மேல் வர வேண்டும். விரல் பிரஷரே 30-க்குக் கீழே என்றால் அந்தக் காலில் புண் ஆறுவது கஷ்டம். அன்றே ரத்தக்குழாய் டாக்டரைப் பாருங்கள்.

படம் தேவை என்றால் ஆர்ட்டீரியல் டாப்ளரில் தொடங்குங்கள். தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் தண்ணீர் பீய்ச்சியடிக்கும் அல்லவா, சுருங்கிய இடத்தில் ரத்தமும் அப்படித்தான் வேகமெடுக்கும். டாப்ளர் அந்த வேகத்தை அளக்கிறது. ஓரிடத்தில் வேகம் அதற்குச் சற்று மேலே இருப்பதைப்போல் இரண்டு மடங்கானால் குழாய் பாதிக்கு மேல் சுருங்கியிருக்கிறது என்று கணக்கு. சி.டி.யும் எம்.ஆரும் குழாயின் உருவத்தைக் காட்டுகின்றன, டாப்ளர் ஓட்டத்தையும் சேர்த்துக் காட்டுகிறது. பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2012-ல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இதே வரிசைதான்: அடைப்பைத் திறக்க யோசிக்கும் எல்லோருக்கும் முதலில் டாப்ளர், அதற்கு மேலும் தெளிவு வேண்டுமென்றால் மருந்து செலுத்திய எம்.ஆர். ஆஞ்சியோ, அது முடியாதவர்களுக்கு சி.டி. ஆஞ்சியோ. நம் ஊரில் எம்.ஆர். ஆஞ்சியோவை நன்றாக எடுக்கும் இடங்கள் குறைவு என்பதால் இரண்டாவதும் மூன்றாவதும் இடம் மாறிவிடுகின்றன. நல்ல சி.டி. கிடைக்கிற ஊரில் அதைக் குறை சொல்லவும் மாட்டேன்.

எண்கள் வேண்டுமா? 2007-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். குழாய் பாதிக்கு மேல் சுருங்கிய இடங்களைக் கண்டுபிடிப்பதில் மருந்து செலுத்திய எம்.ஆர். 100-க்கு 95, சி.டி. 91, டாப்ளர் 88. நன்றாக இருக்கும் குழாயை நன்றாக இருக்கிறது என்று சரியாகச் சொல்வதில் எம்.ஆர். 97, டாப்ளர் 96, சி.டி. 91. டாப்ளர் சிலதைத் தவறவிடலாம், ஆனால் இல்லாத அடைப்பை இருக்கிறதென்று சொல்வது அபூர்வம். அந்த ஆய்வுகளுக்குப் பிறகு சி.டி. மெஷின்கள் இன்னும் வேகமாகிவிட்டன, இடைவெளி குறைந்திருக்கிறது.

சீட்டில் 'ஆர்ட்டீரியல்' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். வெறுமே 'டாப்ளர், இரண்டு கால்' என்று எழுதினால் சில சென்டர்களில் வீனஸ் டாப்ளர் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அது வெரிகோஸ் நரம்பையும் சிரையில் உறைந்த ரத்தத்தையும் பார்ப்பதற்கானது. 'டி.வி.டி. இல்லை, நார்மல்' என்ற ரிப்போர்ட்டோடு நிம்மதியாக வீட்டுக்கு வந்து, புண் கறுத்த பிறகு ஓடுகிறார்கள். ரிப்போர்ட்டில் ஃபீமோரல், பாப்லிடியல், டிபியல் ஆர்ட்டரி என்ற பெயர்கள் இருந்தால்தான் நீங்கள் கேட்ட பரிசோதனை நடந்திருக்கிறது.

டாப்ளரைத் தினமும் செய்கிற கையைத் தேடுங்கள். இந்தப் பரிசோதனை எடுப்பவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. இரண்டு காலையும் அடிவயிற்றிலிருந்து பாதம்வரை முறையாகப் பார்க்க அரை மணிக்குக் குறையாது. ஐந்தே நிமிடத்தில் துடைத்துவிட்டு அனுப்பினால் அந்த ரிப்போர்ட்டை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். காலையில் வெறும் வயிற்றோடு போனால் குடலில் காற்று குறைந்து அடிவயிற்றுக் குழாய்கள் தெளிவாகத் தெரியும். லுங்கியோ தளர்ந்த பேண்ட்டோ போட்டுக்கொண்டு போங்கள்.

ரிப்போர்ட்டில் மோனோஃபேசிக் என்ற சொல்லைத் தேடுங்கள். நல்ல குழாயில் அலை ட்ரைஃபேசிக் என்று வரும். மோனோஃபேசிக் என்றால் அதற்கு மேலே எங்கோ தடை. தொடை இடுக்கிலேயே மோனோஃபேசிக் தொடங்கிவிட்டால் அடைப்பு வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். டாப்ளர் அங்கே சரியாக எட்டாது, சி.டி. அல்லது எம்.ஆர். தேவைப்படும்.

சி.டி. ஆஞ்சியோவுக்கு முன் கிரியேட்டினின் பாருங்கள், கிட்னி எவ்வளவு வடிகட்டுகிறது என்று சொல்லும் ஈ.ஜி.எஃப்.ஆர். எண்ணைக் கேளுங்கள். வயிற்றிலிருந்து பாதம்வரை எடுக்கச் சுமார் 100 மில்லி அயோடின் மருந்தைக் கை நரம்பில் வேகமாகச் செலுத்துவார்கள். உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போய்விட்டது போலத் தோன்றும்; பயப்பட ஒன்றுமில்லை, அரை நிமிடத்தில் அடங்கிவிடும். அந்த மருந்து வெளியேற வேண்டியது கிட்னி வழியாக. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கு அபாயம் கூடும். அவர்கள் கிட்னி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் படுக்கக்கூடாது. போன வருட ரிப்போர்ட் போதாது, புதிதாக எடுங்கள். மற்றவர்கள் முன்னும் பின்னும் தண்ணீர் நன்றாகக் குடிக்கலாம். இதயம் பலவீனமானவர்களும் தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்களும் டாக்டர் சொன்ன அளவைத் தாண்ட வேண்டாம்.

சுண்ணாம்பு அதிகம் என்றால் எம்.ஆர். ஆஞ்சியோ முடியுமா என்று கேளுங்கள். சி.டி.யில் சுண்ணாம்பு பளீரென்று வெள்ளையாக, இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும். முட்டிக்குக் கீழே உள்ள மெல்லிய குழாயில் அந்த வெள்ளை ரத்தம் ஓடும் பாதையையே மறைத்துவிடும். சர்க்கரைக்காரர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் இது அடிக்கடி நடக்கிறது. எம்.ஆரில் சுண்ணாம்பு குறுக்கே வராது, கதிர்வீச்சும் இல்லை. குறைகளும் உண்டு: நேரம் அதிகம், குகை மாதிரியான இடத்தில் அசையாமல் படுக்க வேண்டும், கெண்டைக்காலில் சில சமயம் சிரையும் சேர்ந்து தெரிந்து குழப்பும். கிட்னி மிகவும் கெட்டவர்களுக்கு, இதில் செலுத்தும் கடோலினியம் மருந்தின் பழைய வகைகளால் தோல் இறுகிப்போகும் கொடிய நோய் வந்ததை 2006-ல் கண்டுபிடித்தார்கள். இப்போதைய பாதுகாப்பான வகைகளில் அது மிக மிக அபூர்வம். எந்த வகை போடுகிறார்கள் என்று கேளுங்கள். மருந்தே இல்லாமல் எடுக்கும் எம்.ஆர். முறைகளும் இருக்கின்றன, பெரிய ஆஸ்பத்திரிகளில் விசாரிக்கலாம்.

உடம்பில் உள்ள எல்லா உலோகத்தையும் சொல்லுங்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, வெல்டிங் பட்டறையில் கண்ணில் தெறித்த இரும்புத்தூள் எல்லாமே எம்.ஆர். அறையில் ஆபத்து. புதிய பேஸ்மேக்கர் சிலவற்றோடு எடுக்க முடியும்; அதற்கான அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

ஆஞ்சியோகிராமுக்குக் கையெழுத்துப் போடுமுன் அன்றைய திட்டத்தைக் கேளுங்கள். தொடை இடுக்கில் ஊசி குத்தி, மெல்லிய கத்தீட்டரை உள்ளே நகர்த்தி, மருந்து செலுத்திப் படம் பிடிப்பது இது. ஸ்வீடனின் செல்டிங்கர் 1953-ல் சொல்லிக்கொடுத்த அதே வழிதான் இன்றும். பாதத்தின் மெல்லிய குழாய்கள்வரை இதைப்போல் தெளிவாகக் காட்டும் முறை வேறில்லை. அதே மேசையில் பலூன் வைத்துத் திறந்துவிடவும் முடியும். ஆனால் இது உடம்புக்குள் நுழையும் பரிசோதனை; ரத்தக்கசிவும் குத்திய இடத்தில் வீக்கமும் வரலாம். அடைப்பு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் இதற்குப் போக வேண்டியதில்லை. "திறக்க முடியும்னு தோணினா இன்னைக்கே திறப்பீங்களா? முடியலைன்னா அடுத்து என்ன?" என்று கேளுங்கள். கிட்னி பலவீனம் என்றால் அயோடினுக்குப் பதில் கார்பன் டை ஆக்சைடு வாயுவைச் செலுத்திக் கால் குழாய்களைப் படமெடுக்க முடியும். அந்த வசதி உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

ரிப்போர்ட்டோடு படம் உள்ள டிஸ்க்கையும் வாங்குங்கள். அடுத்த டாக்டர் பார்க்க விரும்புவது காகிதத்தை அல்ல, படத்தை. டிஸ்க் இல்லாததால் மறுபடி மருந்து ஏற்றி, மறுபடி சி.டி. எடுத்து, மறுபடி பணம் கட்டுகிறார்கள்.

செய்யக்கூடாதவை

படத்தில் தெரிகிற அடைப்பையெல்லாம் திறக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். அறுபது, எழுபது வயதில் புகைபிடித்தவர் பலருக்கும் சி.டி. எடுத்தால் ஏதாவது ஒரு சுருக்கம் தெரியும். வலி இல்லை, புண் இல்லை என்றால் அதற்கு ஸ்டென்ட் தேவையில்லை. நடந்தால் மட்டும் வலி என்றாலும் முதல் மருந்து பலூன் அல்ல: புகையிலையை விடுவது, கொழுப்புக்கான ஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை, வாரம் மூன்று நாளாவது வலி வரும்வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் பயிற்சி. மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தால் பலருக்கு நடக்கும் தூரம் கூடிவிடுகிறது. காலில் வைக்கும் ஸ்டென்ட் முட்டியை மடக்கி நீட்ட மடக்கி நீட்ட வளைந்து நசுங்குகிறது, மறுபடி அடைக்கிறது. படுத்திருக்கும்போதே வலி, ஆறாத புண், கறுத்த விரல் இருப்பவர்களின் கதை வேறு. அவர்களுக்குத் தாமதமே எதிரி.

வலி இல்லை என்பதால் புண்ணை அலட்சியப்படுத்தாதீர்கள். சர்க்கரை நரம்பையும் கெடுத்துவிடும், அடைப்பு இருந்தும் வலி தெரியாது. எவ்வளவு கவனித்தும் நான்கு முதல் ஆறு வாரத்தில் புண் ஆறும் வழியில் இல்லை என்றால், முன்பு எடுத்த ஏ.பி.ஐ. என்ன சொல்லியிருந்தாலும் ரத்தக்குழாயைப் படமெடுத்துப் பார்க்க வேண்டும். கட்டு மட்டும் மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் உள்ள சதவீதத்தை வைத்துக்கொண்டு தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்பு உள்ள இடத்தில் சி.டி. அடைப்பைப் பெரிதாகக் காட்டும். எம்.ஆரும் சுருக்கத்தைக் கொஞ்சம் கூட்டியே சொல்லும். 70 சதவீதம் என்று எழுதிய இடத்தில் டாப்ளர் வேகம் ஏறவில்லை, கணுக்கால் பிரஷரும் நன்றாக இருக்கிறது என்றால் ஓட்டத்தை நம்புங்கள். இரண்டு பரிசோதனை முரண்பட்டால் மூன்றாவதற்கு ஓடாமல், இரண்டையும் ஒரே ரத்தக்குழாய் டாக்டரிடம் வைத்துப் பேசுங்கள்.

பழைய ஸ்டென்ட் இருப்பதை மறைக்காதீர்கள். எம்.ஆரில் ஸ்டென்ட் இருக்கும் இடம் வெறும் கறுப்பாகத் தெரியும், அடைத்துவிட்டது என்று தப்பாகப் படிக்க இடமுண்டு. ஸ்டென்டையும் பைபாஸ் ஒட்டையும் பின்தொடர டாப்ளரே போதும், அதையே அடிக்கடி எடுத்துக்கொள்ளவும் செய்யலாம்.

மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள், நீங்களாகத் தொடரவும் செய்யாதீர்கள். கிட்னி நன்றாக இருந்தால் சி.டி.க்காகப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. ஈ.ஜி.எஃப்.ஆர். 30-க்குக் கீழே என்றால் அன்றே நிறுத்தி, 48 மணி நேரம் கழித்துக் கிட்னி ரிப்போர்ட் பார்த்த பின்பே மறுபடி தொடங்குவார்கள். ரத்தக்குழாயிலேயே மருந்து செலுத்தும் ஆஞ்சியோகிராமுக்கு விதி இன்னும் கறாராக இருக்கலாம். சீட்டு எழுதியவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்சுலின் போட்டுக்கொண்டு வெறும் வயிற்றில் காத்திருக்காதீர்கள். காலை எட்டு மணிக்கு வரச் சொல்லிப் பன்னிரண்டுக்குக் கூப்பிடுகிற சென்டர்கள் இருக்கின்றன. சர்க்கரை இறங்கி வராந்தாவிலேயே மயங்கி விழுகிறார்கள். சர்க்கரைக்காரர் என்று சொல்லி முதல் டோக்கன் கேளுங்கள். அன்று எவ்வளவு இன்சுலின் என்பதை முதல் நாளே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.

இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பதற்காக சி.டி.யை மறுக்காதீர்கள். அந்த அலர்ஜிக்கும் அயோடின் மருந்துக்கும் தனிப்பட்ட தொடர்பு இல்லை. ஆனால் முன்பு எப்போதாவது ஸ்கேன் மருந்து போட்டபோது தடித்ததோ மூச்சு திணறியதோ இருந்தால், அதை இரண்டு முறை சொல்லுங்கள்: டாக்டரிடம் ஒரு முறை, ஊசி போடுபவரிடம் ஒரு முறை.

பீடி, சிகரெட் பற்றிப் பொய் சொல்லாதீர்கள். நாற்பது வயதைத் தாண்டாத ஒருவருக்குக் காலில் அடைப்பு, சர்க்கரை இல்லை, ஆனால் பீடி உண்டு என்றால் டாக்டர் பர்கர் நோயை யோசிப்பார். 1908-ல் லியோ பர்கர் விவரித்த நோய் இது, காலில் பெரும்பாலும் முட்டிக்குக் கீழே உள்ள சிறு குழாய்களைத் தாக்கும். ஆஞ்சியோகிராமில் திருகாணி போலச் சுருண்ட சின்னக் கிளைகள் தெரியும். பெரும்பாலும் இதில் பலூன் வைக்கவோ பைபாஸ் ஒட்டவோ இடமே கிடைக்காது. புகையிலையை அடியோடு விட்டால் கால் பிழைக்கும், ஒன்றிரண்டு மட்டும் பிடிக்கிறேன் என்றால் பிழைக்காது. மனைவி பக்கத்தில் இருக்கிறார் என்று இதை மறைத்துவிட்டால் டாக்டர் தவறான இடத்தில் தேடிக்கொண்டிருப்பார்.

ஆஞ்சியோகிராம் முடிந்த காலை மடக்காதீர்கள். தொடை இடுக்கில் குத்தியிருந்தால் சொன்ன நேரம்வரை நேராக நீட்டிப் படுத்திருங்கள். வீட்டுக்கு வந்த பின் அந்த இடம் திடீரென்று வீங்கினாலோ ரத்தம் வந்தாலோ கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாதம் ஜில்லிட்டாலும் உடனே போங்கள்.

பணம் இல்லை என்று நடுவில் நிறுத்தாதீர்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் ரத்தக்குழாய் அறுவைக்கென்றே தனித் துறை இருக்கிறது. வெளியூரில் இருந்தால் மாவட்ட ஆஸ்பத்திரியில் எழுதிக்கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் தனியார் ஆஸ்பத்திரியில் எது அதில் அடங்கும் என்பதை, அட்மிட் ஆவதற்கு முன் அங்குள்ள காப்பீட்டு உதவி மேசையில் விசாரித்துவிடுங்கள்.

ரத்தக்குழாயைப் படமெடுக்காமல் விரலையோ காலையோ எடுக்கச் சம்மதிக்காதீர்கள். 1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாண்டில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டிக்குக் காலை எடுத்தே ஆக வேண்டும் என்றார்கள், அவர் மறுத்துவிட்டார். சார்லஸ் டாட்டர் என்ற ரேடியாலஜிஸ்ட் படமெடுத்துப் பார்த்தபோது தொடையின் குழாயில் ஒரு சின்ன இடத்தில்தான் சுருக்கம் இருந்தது. கத்தீட்டரை உள்ளே நுழைத்து அதை விரித்தார், கால் பிழைத்தது. இன்று உலகம் முழுக்கச் செய்யும் ஆஞ்சியோபிளாஸ்டி அங்கேதான் தொடங்கியது. சீழ் பரவி உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் உடனே வெட்டித்தான் ஆக வேண்டும், அங்கே காத்திருக்கக்கூடாது. மற்ற எல்லாச் சமயத்திலும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "பாதத்துக்கு ரத்தம் வருதான்னு படமெடுத்துப் பாத்தீங்களா?" இல்லை என்ற பதில் வந்தால் கேஸ் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து, டிஸ்க்கையும் வாங்கிக்கொண்டு, அன்றைக்கே ஒரு வாஸ்குலர் சர்ஜனிடம் போங்கள். விரலை எடுப்பதுதான் முடிவு என்றாலும், மேலே உள்ள அடைப்பை முதலில் திறந்துவிட்டு எடுத்தால் புண் ஆறும். திறக்காமல் எடுத்தால் அடுத்த வெட்டு முட்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.